எல்இடி எரியவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளியிலும் வீட்டிலும் எல்இடி (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் கடத்தி ஒளிரும் சிறு டயோடு) சர்க்யூட்டுகள் மூலம் மின்னணுவியல் கற்றுத்தருபவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஓம் விதி (வோல்ட்டை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம்) நடத்தி முடித்துவிட்டேன். அடுத்து எல்இடி சர்க்யூட் செய்யவைக்கலாம் என்று இருக்கிறேன். 40 மாணவர்கள், 40 நிமிடம். என்னென்ன வாங்கிவைக்க வேண்டும், எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– அறிவியல் ஆசிரியை

பதில்: இருவருக்கு ஒரு செட் என்று 20 செட் வாங்குங்கள். மூவருக்கு ஒன்று என்றால் மூன்றாமவர் வேடிக்கைதான் பார்ப்பார். ஒரு செட்டுக்கு 400 துளை பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் செருகியே இணைக்கும் பலகை) ஒன்று, 9 வோல்ட் பேட்டரியும் அதன் கிளிப்பும், 5 மி.மீ. சிவப்பு எல்இடி மூன்று, நீல எல்இடி ஒன்று, 470 ஓம், 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) தலா இரண்டு, முனை உரித்த ஒற்றைக்கம்பி ஒயர் ஆறு துண்டு. ரெசிஸ்டர்கள் கால் வாட் போதும். எல்இடி மட்டும் கூடுதலாக ஒரு 30 வைத்துக்கொள்ளுங்கள், சில கருகத்தான் செய்யும். நான்கு செட்டுக்கு ஒரு மல்டிமீட்டராவது இருக்க வேண்டும். மீட்டர் இல்லாமல் நடத்தினால் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதோடு பாடம் நின்றுவிடும்.

இந்த வகுப்புக்கு 100 ஓமுக்குக் குறைந்த ரெசிஸ்டர் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். 1 கிலோ ஓமின் நிறப்பட்டை பழுப்பு, கறுப்பு, சிவப்பு. 10 ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, கறுப்பு. மங்கலான வெளிச்சத்தில் மாணவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிட்டால் எல்இடி அந்த நொடியே போய்விடும்.

முதல் சர்க்யூட்டுக்கு 470 வேண்டாம், 1 கிலோ ஓம் கொடுங்கள். பேட்டரியின் பிளஸ், ரெசிஸ்டர், எல்இடியின் நீளமான கால், அதன் குட்டைக்கால், பேட்டரியின் மைனஸ். இவ்வளவுதான். எரிந்ததும் எல்இடியைத் திருப்பிச் செருகி, எரியாமல் போவதைப் பார்க்கட்டும். பிறகு மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள்: பேட்டரியில், எல்இடியின் இரு கால்களுக்கு நடுவே, ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே. புதிய பேட்டரியானால் ஏறத்தாழ 9, 2, 7 என்று வரும். 1 கிலோ ஓமைத் தேர்ந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்த ரெசிஸ்டரில் எத்தனை வோல்ட் காட்டுகிறதோ, சர்க்யூட்டில் அத்தனை மில்லிஆம்பியர் ஓடுகிறது. 7 வோல்ட் என்றால் 7 மில்லிஆம்பியர். மீட்டரை ஆம்பியருக்கு மாற்ற வேண்டியதே இல்லை. ஆம்பியரில் வைத்த மீட்டரை யாராவது பேட்டரிக்குக் குறுக்கே வைத்து ஃபியூஸைப் போக்கும் ஆபத்தும் இல்லை.

அடுத்து ரெசிஸ்டரை 470 ஓம், 4.7 கிலோ, 10 கிலோ என்று மாற்றி மாற்றி அளக்கட்டும். மின்னோட்டம் சுமார் 15 மில்லிஆம்பியரிலிருந்து 0.7 வரை இறங்கும். எல்இடியின் வோல்ட் மட்டும் 2-ஐ ஒட்டியே நிற்கும், மிஞ்சினால் 0.1 அல்லது 0.2 வோல்ட் குறையும். ஓம் விதி படித்த பிள்ளைகளுக்கு இது உறுத்த வேண்டும், உறுத்தட்டும். எல்இடி ஓம் விதிக்குக் கட்டுப்படாது. தனக்கு வேண்டிய வோல்ட்டை அது எடுத்துக்கொள்கிறது, மீதி முழுவதும் ரெசிஸ்டருக்குப் போகிறது. ஓம் விதியை அந்த மீதிக்குத்தான் போட வேண்டும். ரெசிஸ்டர் எல்இடியைப் பாதுகாக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி விளக்கம். சர்க்யூட்டில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று முடிவு செய்வதே அதுதான்.

கணக்கைக் கடைசியில் வையுங்கள். 9-இல் 2 போக 7. நமக்கு 15 மில்லிஆம்பியர் வேண்டும். 7-ஐ 0.015-ஆல் வகுத்தால் 467, அதற்கு அருகில் கிடைப்பது 470. அளந்த பிறகு போட்ட கணக்கு மனதில் நிற்கும்.

கேள்வி: ரெசிஸ்டரை எல்இடிக்கு முன்னால் போட வேண்டுமா, பின்னால் போட வேண்டுமா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.

பதில்: எங்கே போட்டாலும் ஒன்றுதான். தொடர் இணைப்பில் எல்லா இடத்திலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. "முன்னால் போட்டால்தானே மின்சாரம் குறைந்து வரும்" என்று கேட்கும் மாணவரை இரண்டு விதமாகவும் கட்டி அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பட்டன் செல்லுக்கு இருபுறமும் எல்இடியின் கால்களை வைத்து அழுத்தினால் ரெசிஸ்டரே இல்லாமல் எரிகிறது. மகன் இதைச் செய்துகாட்டி, "ரெசிஸ்டர் கட்டாயம் என்று மிஸ் சொன்னது தப்பு" என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு தாய்

பதில்: அவன் பார்த்தது உண்மை, எடுத்த முடிவு தப்பு. சிஆர்2032 செல்லுக்குள்ளேயே ஓரளவு மின்தடை இருக்கிறது. எல்இடி மின்னோட்டத்தை இழுக்க இழுக்கச் செல்லின் வோல்ட் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்டர் ஒன்று அங்கே இருக்கிறது என்பதே பொருள். மீட்டரை வைத்துப் பார்த்தால் அவனுக்கே விளங்கும்: தனியாக அளக்கும்போது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும் செல், சிவப்பு எல்இடியை மாட்டியதும் நன்றாக இறங்கியிருக்கும். இதே சோதனையை 9 வோல்ட் பேட்டரியில் செய்தால் எல்இடி ஒரு நொடி மின்னி நிறம் மாறிச் செத்துப்போகும், சில நேரம் தலையே வெடித்துத் தெறிக்கும். அதைச் செய்துகாட்டத்தான் வேண்டுமென்றால் ஆசிரியர் மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்இடியை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் வைத்துச் செய்யட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பட்டன் செல்லை வெளியே எடுக்கவே வேண்டாம். விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தியெடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: பிரெட்போர்டு வகுப்பு வைத்தாலே பாதிப் பேருக்கு எரிவதில்லை. "சார், இங்க வாங்க" என்று பத்துக் கைகள் உயர்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.
– இயற்பியல் ஆசிரியர்

பதில்: பத்துப் பேரிடமும் இருக்கும் பிழைகளை எண்ணிப் பார்த்தால் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும்.

அதிகம் வருவது, எல்இடியின் இரு கால்களையும் ஒரே வரிசையில் செருகிவிடுவது. பிரெட்போர்டில் ஐந்தைந்து துளைகள் உள்ளே ஒரே உலோகப்பட்டையால் இணைந்திருக்கின்றன. இரு காலும் அதே ஐந்துக்குள் போனால் மின்னோட்டம் எல்இடியைத் தொடாமல் பட்டை வழியாகவே போய்விடும். வகுப்பின் தொடக்கத்தில் ஒரு பழைய போர்டின் அடித்தாளை உரித்து, உள்ளே இருக்கும் பட்டைகளைக் கையில் கொடுத்துவிடுங்கள். படம் வரைந்து விளக்குவதைவிட இது வேகமாக வேலை செய்கிறது.

அடுத்தது, கால்களை வெட்டிய எல்இடி. நீளம் சமமாகிவிட்டால் பிளஸ் எது, மைனஸ் எது என்று தெரியாது. எல்இடியின் அடிவிளிம்பை நகத்தால் தடவினால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதுதான் மைனஸ் பக்கம். அதுவும் பிடிபடாவிட்டால் மீட்டரின் டயோடு நிலையில் வைத்துப் பாருங்கள். சிவப்பு முள் பிளஸ் காலில் பட்டால் சிவப்பு எல்இடி மெல்ல ஒளிரும். நீலமும் வெள்ளையும் சில மீட்டர்களில் ஒளிராது, மீட்டர் தரும் வோல்ட் அவற்றுக்குப் போதாது.

பெரிய 830 துளை போர்டு வைத்திருக்கிறீர்கள் என்றால் ஓரத்தில் ஓடும் பவர் வரிசையைச் சோதியுங்கள். பல போர்டுகளில் அது நடுவில் துண்டாகியிருக்கும். அச்சிட்ட சிவப்பு, நீலக் கோடு நடுவே விட்டுப்போயிருந்தால் அதுதான் அடையாளம். பேட்டரி இடது பாதியில், சர்க்யூட் வலது பாதியில் என்று கட்டினால் ஜென்மத்துக்கும் எரியாது. இரண்டு குட்டி ஒயர் போட்டு இணைத்துவிட்டால் தீர்ந்தது.

நிறப்பட்டையைத் தப்பாகப் படிப்பதும் உண்டு. 470 ஓமும் 47 கிலோ ஓமும் மஞ்சள், ஊதா என்றே தொடங்கும். மூன்றாவது பட்டை பழுப்பா ஆரஞ்சா என்பதில்தான் வேறுபாடு. 47 கிலோ போட்டால் மின்னோட்டம் 0.15 மில்லிஆம்பியர்தான். எல்இடி எரியவில்லை என்று மாணவர் சொல்வார். கையால் மூடி நிழலில் பார்த்தால் உள்ளே மங்கலாக ஒரு புள்ளி தெரியும்.

பேட்டரியை நம்பி ஏமாறுவது கடைசி. ஓய்ந்த பேட்டரியும் எதையும் மாட்டாதபோது 8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சர்க்யூட் மாட்டிய நிலையில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

கை உயர்த்துவதற்கு ஒரு விதி வையுங்கள். மீட்டரின் மைனஸ் முள்ளைப் பேட்டரி மைனஸில் வைத்து, பிளஸ் முள்ளைப் பேட்டரி பிளஸிலிருந்து ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்து எண்களை எழுதிய பிறகே ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். ரெசிஸ்டரின் இரு பக்கமும் 9 காட்டினால் மின்னோட்டமே ஓடவில்லை: எல்இடி திரும்பியிருக்கிறது, அல்லது அதற்கு அப்பால் எங்கோ அறுந்திருக்கிறது. ரெசிஸ்டரைத் தாண்டியதும் 0 என்றால் எல்இடி ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது ரெசிஸ்டர்ப் பக்கமே இணைப்பு விட்டிருக்கிறது. உயரும் கைகள் தாமாகக் குறையும்.

கேள்வி: ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் சிவப்பு எல்இடியும் நீல எல்இடியும் இணையாகப் போட்டேன். சிவப்பு மட்டும் எரிகிறது. சிவப்பைப் பிடுங்கினால் நீலம் எரிகிறது. எல்இடி கெடவில்லை. பிறகு ஏன்?
– பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: பிடுங்கிப் பார்த்தீர்களே, அதிலேயே விடை பாதி வந்துவிட்டது. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டிலேயே தாராளமாகக் கடத்தத் தொடங்கிவிடும். இணையாக இருப்பதால் நீலத்துக்கும் அதே 2 வோல்ட்தான் கிடைக்கும். நீலத்துக்கோ 3 வோல்ட் வேண்டும். சிவப்பு இருக்கும்வரை அந்த இடத்தில் வோல்ட் ஏறவே ஏறாது.

ஏன் 2, ஏன் 3 என்பது ஒளியின் ஆற்றலைப் பொறுத்தது. நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் 1240-ஐ வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலெக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். 625 நானோமீட்டர் சிவப்புக்கு அது ஏறத்தாழ 2, 465 நானோமீட்டர் நீலத்துக்கு 2.7. ஓர் எலெக்ட்ரான் அந்த அளவு ஆற்றலை விட்டுக்கொடுத்தால்தான் அந்த நிறம் வரும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962-இல் உருவாக்கினார். நீல ஒளிக்கு வேண்டிய அளவு பெரிய ஆற்றல் இடைவெளி கொண்ட காலியம் நைட்ரைடைத் தரமான படிகமாக வளர்ப்பது கடினமாக இருந்ததால், பளிச்சென்ற நீலம் 1990-களில்தான் வந்தது. அதற்காக இசாமு அகாசகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. வழக்கமான வெள்ளை எல்இடி என்பது மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளி பட்டால் மஞ்சளாக ஒளிரும் பொருள்) பூசிய நீல எல்இடிதான், அதனால் அதற்கும் 3 வோல்ட். பச்சை மட்டும் ஏமாற்றும்: பழைய மஞ்சள் கலந்த பச்சை 2 வோல்ட் சொச்சம் கேட்கும், இப்போதைய தூய பச்சை 3-ஐ ஒட்டி.

ஒரே நிறமாக இருந்தாலும் இணையாகப் போட்டு ஒரே ரெசிஸ்டரில் ஓட்டாதீர்கள். இரண்டு எல்இடிகள் துல்லியமாக ஒன்றுபோல இருப்பதில்லை. கொஞ்சம் குறைந்த வோல்ட் கேட்பது அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும், சூடானால் இன்னும் குறைந்த வோல்ட் போதும், இன்னும் இழுக்கும். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போடுங்கள்.

கேள்வி: 9 வோல்ட்டில் எத்தனை சிவப்பு எல்இடிகளைத் தொடராகப் போடலாம்?

பதில்: மூன்று. 6 வோல்ட் அவற்றுக்கு, மீதி 3 வோல்ட். 220 ஓம் போட்டால் ஏறத்தாழ 14 மில்லிஆம்பியர். நான்கு போட்டாலும் எரியும், ஆனால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 1 வோல்ட்தான். பேட்டரி அரை வோல்ட் இறங்கினாலே மின்னோட்டம் பாதியாகிவிடும். நீலமோ வெள்ளையோ என்றால் இரண்டோடு நிறுத்துங்கள், 180 ஓம் வைத்து.

கேள்வி: இருட்டினால் தானாக எரியும் விளக்கு செய்தோம். பிசி547 டிரான்சிஸ்டர் (பேஸ் காலுக்கு வரும் சிறு மின்னோட்டத்தால் கலெக்டர், எமிட்டர் கால்களுக்கு நடுவே மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ரெசிஸ்டர்), எல்இடிக்கு 470 ஓம், பிளஸிலிருந்து பேஸுக்கு 10 கிலோ ஓம், பேஸிலிருந்து மைனஸுக்கு எல்டிஆர். 9 வோல்ட் பேட்டரி. பகலிலும் அணைய மாட்டேன் என்கிறது. இணைப்புகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டோம்.
– அறிவியல் மன்றப் பொறுப்பாளர்

பதில்: இணைப்பு சரி, 10 கிலோதான் வில்லன். பிசி547 கடத்தத் தொடங்க பேஸில் சுமார் 0.65 வோல்ட் வேண்டும். அதை அணைக்க எல்டிஆர் அந்த வோல்ட்டை அதற்குக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலே 10 கிலோ இருந்தால் எல்டிஆரின் மின்தடை 780 ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் அது நடக்கும். வகுப்பறை வெளிச்சத்தில் சாதாரண எல்டிஆர் சில கிலோ ஓமில்தான் நிற்கும். செல்போன் டார்ச்சை எல்டிஆருக்கு ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள், அணைந்தால் சந்தேகம் தீர்ந்தது.

10 கிலோவை எடுத்துவிட்டு 47 கிலோ போடுங்கள். அப்போது எல்டிஆர் 3.6 கிலோவுக்கு வந்தாலே அணையும். 100 கிலோ போட்டால் 7.8 கிலோவிலேயே அணைந்துவிடும். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் பேஸ் மின்னோட்டம் மெலிந்து இருட்டிலும் எல்இடி மங்கலாகும். திருகி அமைக்கும்படி வேண்டுமானால் 100 கிலோ பொட்டென்ஷியோமீட்டர் போடலாம். அதோடு தொடராக ஒரு 10 கிலோவும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் யாராவது கடைசிவரை திருகும்போது 9 வோல்ட் நேராக பேஸில் பாய்ந்து டிரான்சிஸ்டர் போய்விடும்.

இன்னொரு கோளாறும் காத்திருக்கிறது. எல்இடியின் வெளிச்சம் எல்டிஆரிலேயே பட்டால் "பகல் வந்துவிட்டது" என்று சர்க்யூட் நினைத்துக்கொள்ளும், விளக்கு அரைகுறையாக எரியும். எல்டிஆரைச் சுற்றிக் கறுப்பு டேப்பால் ஒரு சிறு குழாய் செய்துவிடுங்கள்.

பழுது பார்க்கும்போது பேஸ் வோல்ட்டை அளப்பதே குறுக்குவழி. இருட்டில் 0.6 முதல் 0.7 வரை இருக்க வேண்டும். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எமிட்டர் மைனஸில் சேரவில்லை, அல்லது டிரான்சிஸ்டர் செத்துவிட்டது. பிசி547-இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டரும் கலெக்டரும் மாறிப்போனாலும் மங்கலாக எரிந்து குழப்பும். வேறு எண் டிரான்சிஸ்டர் வாங்கினால் கால் வரிசையை டேட்டாஷீட்டில் பாருங்கள். 2என்2222 போன்றவற்றில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வரிசை மாறும்.

கேள்வி: 555 ஐசி (டைமர் சில்லு) வைத்து மின்னும் எல்இடி செய்தால் சிலருக்கு மின்னாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. இரண்டு ஏஏ செல் போட்டவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

பதில்: ஏஏ செல் கதை எளிது. சாதாரண என்இ555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், இரண்டு செல் தருவது 3. நான்கு செல் போடுங்கள், அல்லது குறைந்த வோல்ட்டில் ஓடும் சிமாஸ் வகை 555 வாங்குங்கள்.

எரிந்துகொண்டே இருப்பதற்கு முதல் சந்தேகம் கெபாசிட்டர். 8-ஆம் காலுக்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கிலோ, 2-ஐயும் 6-ஐயும் சேர்த்த இடத்திலிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட் என்றால் ஒரு சுற்றுக்குச் சற்றேறக்குறைய 1 நொடி ஆகும். 10 மைக்ரோவுக்குப் பதில் 0.1 மைக்ரோ செருகியிருந்தால் நூறு மடங்கு வேகம். நொடிக்கு நூறு முறை மின்னுவது கண்ணுக்கு நின்று எரிவதாகத்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, போர்டைக் கையில் பிடித்தபடியே பக்கவாட்டில் விசுக்கென்று அசைத்துப் பாருங்கள். ஒளிக்கோடு துண்டு துண்டாகத் தெரிந்தால் ஐசி ஓடுகிறது, கெபாசிட்டரை மட்டும் மாற்றினால் போதும். கோடு அறுபடாமல் இருந்தால் 2-க்கும் 6-க்கும் இடையே உள்ள இணைப்பைப் பாருங்கள், மறந்துவிடுவது அதைத்தான்.

4-ஆம் காலைப் பிளஸில் கட்டாமல் அந்தரத்தில் விட்டால் கை பட்டாலே நின்று நின்று ஓடும். ஐசி போர்டின் நடுப்பள்ளத்துக்கு இருபுறமும் கால் வைத்து உட்கார வேண்டும். பள்ளம் போட்ட முனை இடப்பக்கம் இருந்தால் கீழ் வரிசையின் இடது ஓரம் 1-ஆம் கால். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். அதன் மதிப்பு 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம், அதனால் இருபது செட்டும் ஒரே தாளத்தில் மின்னாது.

கேள்வி: நான்காம் வகுப்புக்கு பிரெட்போர்டு கஷ்டமாக இருக்கிறது. வேறு வழி?

பதில்: அட்டையில் தாமிர டேப் ஒட்டிச் செய்யலாம். 5 மி.மீ. அகல டேப், இரண்டு ஏஏ செல் போட்ட பெட்டி, சிவப்பு எல்இடி, 100 ஓம் ரெசிஸ்டர். மூலையில் டேப்பை வெட்டி மேலே இன்னொன்றை ஒட்டாதீர்கள், பல டேப்புகளின் பசை மின்சாரம் கடத்தாது. மடித்துத் திருப்புங்கள். எல்இடியின் கால்களை விரித்து, டேப்பின் மேல் படியவைத்து, அதன்மேல் இன்னொரு துண்டு டேப்பை ஒட்டி நகத்தால் நன்றாகத் தேய்க்க வேண்டும். இந்த வகுப்புக்கு நீலமும் வெள்ளையும் வேண்டாம், 3 வோல்ட்டில் அவை எரிந்தாலும் மங்கும், செல் சற்று இறங்கினால் அதுவும் இல்லை.

கேள்வி: பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கிறது. செல்போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் எடுத்தால் என்ன?

பதில்: மாணவர் கையில் வேண்டாம். ஷார்ட் ஆனால் ஓர் ஆம்பியருக்கு மேலேயே தள்ளி ஒயரைச் சுட வைக்கும் சார்ஜர்கள் உண்டு. மட்டமான சார்ஜரில் மின்காப்பும் நம்பகமில்லை. நான்கு ஏஏ செல் பெட்டிக்கு மாறிவிடுங்கள், 9 வோல்ட் பேட்டரியைவிடப் பல மடங்கு நாள் உழைக்கும். சிவப்பு எல்இடிக்கு அதில் 270 ஓம் சரியாக இருக்கும். வகுப்பு முடிந்ததும் 9 வோல்ட் பேட்டரிகளை அப்படியே ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். இரண்டின் முனைகள் உரசிக்கொண்டால் சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும். முனைகளின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள்.